மச்சினனுக்காக விட்ட பொடி

வேண்டாம் சார், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு முதலில் மூக்குப்பொடி டப்பியை நீட்டிவிட்டுத்தான் தான் போட வேண்டும் என்ற மரியாதை தெரிந்தவராக இருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் நீட்டுகிறார்கள்? ஆனால் எனக்கு வேண்டாம். நான் பொடியை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால் எனக்காக விடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் மச்சினனுக்காக விட்டேன்.

சிரிக்கிறீர்கள். மச்சினனோடு பேச்சை விட்டவனைப் பார்த்திருப்பீர்கள், மச்சினனுக்காகப் பொடியை விட்டவனை இப்போதுதான் பார்க்கிறீர்கள், அப்படித்தானே? திருநெல்வேலி போய்ச் சேர நேரம் இருக்கிறது, சொல்கிறேன். எப்படியும் இதை நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாக வேண்டும். அங்கே ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. 'புகையிலையிலிருந்து வீட்டில் ஒருவரை மீட்டது எப்படி' என்று நான் பேசுகிறேன். என் பெயரைக் கொடுத்தது எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் செல்வராணி அம்மா. "உங்க அனுபவத்தை அப்படியே சொல்லுங்க சார், போதும்" என்றார். என் அனுபவம் என்ன இருக்கிறது? எல்லாம் சங்கரன் அனுபவம்.

சங்கரன் என் மனைவி கோமதியின் தம்பி. லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நான் ஆவுடைநாயகம், கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளியில் புகையிலை ஒழிப்புக் குழுவுக்கும் நான்தான் பொறுப்பு. உறுதிமொழி வாசிப்பது, சுவரில் பலகை மாட்டுவது, ஊர்வலம் போவது எல்லாம் நான்தான்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. பொடி போடுகிறவன் எப்படி அந்தக் குழுவுக்குப் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள். நானும் இதை என்னிடமே கேட்டவன்தான் சார். எதையும் நடந்துகொண்டே யோசித்து, நம் பக்கம் தப்பு இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற ஆள் நான். பார்த்தேன். பீடிக்குப் புகை உண்டு, சிகரெட்டுக்குப் புகை உண்டு, உதட்டில் அடக்குகிறார்களே, அதற்கு எச்சில் உண்டு. பொடிக்கு என்ன உண்டு? ஒரு தும்மல். தும்மினால் அபராதம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பத்து வகுப்புச் சுண்ணாம்புக்கட்டித் தூசியை மூக்கில் வாங்குகிறவனுக்குப் பொடி ஒரு மருந்து. அப்படித்தான் முடிவுக்கு வந்தேன். பையன்கள் என்னை 'பொடி சார்' என்பார்கள். நான் உயரம் கம்மி. அதனால் இருக்கும்.

மஞ்சள் கோடு பார்த்திருப்பீர்களே? பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. அந்த எல்லையில் ரோட்டில் மஞ்சள் கோடு போட வேண்டும். எங்கள் ஊரில் அளந்து போட்டவன் நான். வாசலில் கயிற்றைப் பிடித்து, ரோட்டோடு போய், குளத்தங்கரையில் திரும்பி, புளியமரத்தைச் சுற்றி, அங்கே போட்டேன். பால்துரை அண்ணாச்சியின் பெட்டிக்கடை கோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு எட்டு தள்ளி வந்தது. தற்செயல்தான். அந்தக் கடை பள்ளியின் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, ஆசிரியர் அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் அண்ணாச்சி பேப்பரில் என்ன படிக்கிறார் என்று தெரியும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் மனிதன் சுவரேறிக் குதித்தா கடைக்குப் போகிறான்? ரோட்டில்தானே போகிறான்? தூரம் என்றால் நடக்கிற தூரம். நான் சருகில் மடித்த பொடிமட்டை வாங்குகிற கடை அது ஒன்றுதான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, சங்கரனுக்கு வருவோம்.

ஆடி கழிந்து அவனுக்கு எங்கள் ஊருக்கு மாற்றல். பிள்ளைகள் படிப்பு முடிகிறவரை குடும்பம் பழைய ஊரிலேயே இருக்கட்டும் என்று தனியாகப் பெட்டியோடு வந்தான். வந்த வாரம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு மாப்ள."

"எனக்குப் பீடிப் பழக்கம் இருக்கு. காலு நடக்க விடமாட்டேங்கு. நாலு எட்டு வச்சா கெண்டைக்கால் இழுக்கு. பீடியை விடலேன்னா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பீடி குடித்து நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு மரியாதை அவனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை தெரியாதா என்பீர்கள். எனக்குத் தெரியாது சார். என் மூக்கு கொஞ்சம் மந்தம். பிறவியிலேயே அப்படி என்று நினைக்கிறேன்.

"நாளைக்கே விட்டுருல" என்றேன்.

"விடுதேன் அத்தான். ஆனா தனியா விட முடியாது. மூணு தடவை விட்டு மூணு தடவையும் தோத்துட்டேன். கூட ஒரு ஆள் எதையாவது விட்டா, அவரைப் பாத்து நானும் பல்லைக் கடிச்சுக்கிடுவேன். துணைக்கு நீங்க பொடியை விடுங்க."

"நான் எதுக்குல விடணும்? பீடி வேற, பொடி வேற."

கோமதி அப்போது வாசலில் நின்று எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கல்யாணம் ஆன நாளில் இருந்து பொடிக்கு எதிராக அவள் பேசாத நாள் கிடையாது. கைக்குட்டை துவைக்கும்போதெல்லாம் பேசுவாள். "இதைத் துவைக்கிறதுக்குப் பதிலா சாணி மிதிக்கலாம்" என்பாள். கொஞ்ச நாளாகக் கைக்குட்டையில் ரத்தப் பொட்டு இருக்கிறது என்று வேறு ஆரம்பித்திருந்தாள். வெயில் சூட்டுக்கு யாருக்குத்தான் வராது? அப்படிப்பட்டவள், தம்பி வந்த நாளில் இருந்து ஒரு பேச்சும் இல்லை. பேசிப் பேசிச் சலித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். "அவன் காலு. உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு செய்ங்க."

இதைக் கேட்டபின் நான் என்ன செய்வேன்? ஒரு காலுக்கும் ஒரு சிட்டிகைப் பொடிக்கும் தராசு பிடித்தால் எது தாழும்? வாத்தியாருக்கு இது தெரியாதா? சரி என்றேன்.

சும்மா விடவில்லை சார். என் பாணியில் செய்தேன். பொதுத்தேர்வு நடத்துகிற மாதிரி. சங்கரன் தேர்வர். நான் முதன்மைக் கண்காணிப்பாளர். சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது சோதனை. சட்டைப்பை, மடி, செருப்பு, டிபன் டப்பா. மூன்றாம் நாள் கோமதி கேட்டாள்.

"தேர்வு அவனுக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமா?"

"நான் கண்காணிப்பாளர்ட்டி."

"துணைக்கு எழுதுதேன்னு சொன்னீங்கள்லா? அப்ப நீங்களும் தேர்வர்தான். கண்காணிப்பாளர் நான்."

விதி என்றால் விதி. அன்றில் இருந்து அவள் என் பையையும் கவிழ்த்துப் பார்ப்பாள். சங்கரன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், பக்கத்தில் நானும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "என்ன சார்வாள், வீட்ல போலீஸ் ரெய்டா?" என்று கேட்டார். சிரிப்பாகத்தான் இருந்தது.

முதல் வாரம் சிரிப்பாக இல்லை. மண்டை இடித்தது. வகுப்பில் எளிய சமன்பாட்டில் குறியை மாற்றிப் போட்டேன். ஒரு பையன் பென்சில் சீவுகிற சத்தம் கேட்டு அவனை வெளியே அனுப்பினேன். கை தானாக மடிக்குப் போகும், அங்கே டப்பி இருக்காது, கை அங்கேயே தடவிக்கொண்டு நிற்கும். எல்லாம் சங்கரனை நினைத்துத்தான். நம்மையே இப்படிப் படுத்துகிறதே, அவன் என்ன பாடுபடுவான் என்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பயல் கல்லு மாதிரி இருந்தான். எரிச்சல் இல்லை, தலைவலி இல்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டான். என் கை மடிக்குப் போனால் அவன்தான் கவனிப்பான். "அத்தான், எனக்குப் பீடி ஞாபகம் வருது, ஒரு நடை போயிட்டு வருவமா?" என்பான். அவனுக்காக எழுந்து போவேன். பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினால் எனக்குள்ளும் அந்த அரிப்பு தணிந்திருக்கும். அவனுக்கு ஞாபகம் வருகிற நேரமும் எனக்கு வருகிற நேரமும் எப்படித்தான் ஒத்துப்போனதோ! கெண்டைக்கால் இழுக்கிறவன் என்னைவிட வேகமாக நடப்பான். மன உறுதி சார் அது.

கோமதி ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள், மோந்து பார்க்க. சங்கரனுக்குத்தான். மீந்த ஓமத்தில் எனக்கும் ஒரு முடிச்சு. என் முடிச்சு கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பள்ளியில் எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. எஸ்தர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "மச்சினருக்குத் துணையா பொடியை விட்டிருக்கீங்களாமே? பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். அன்றே உயிரியல் ஆசிரியர் மூலம் பிள்ளைகளுக்கு நிகோட்டின் பற்றி ஒரு பாடம் வைத்தார். கடைசி பெஞ்சில் என்னையும் உட்காரச் சொன்னார், "குழுத் தலைவர் இல்லாம எப்படி?" என்று. இழுத்தாலும் மென்றாலும் உறிஞ்சினாலும் உள்ளே போவது ஒன்றுதான் என்று அந்த ஆசிரியர் சொன்னார். இளம் வயது, பொதுப்படையாகப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளில் சிலரைச் சேர்த்து நான் ஒரு பறக்கும் படையும் அமைத்தேன். மத்தியானம் இரண்டிரண்டு பேராகப் போய், கோட்டுக்குள் எந்தக் கடையிலாவது புகையிலை விற்கிறார்களா என்று பார்த்து என்னிடம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முப்பிடாதிதான் தலைவி. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

ஒருநாள் மத்தியானம் ஆசிரியர் அறை ஜன்னலில் நின்றேன். அண்ணாச்சி கடையில் பொடிமட்டைச் சரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தேன். குழுவுக்குப் பொறுப்பானவன் கடையைச் சோதிக்க வேண்டாமா என்று தோன்றியது. சோதிக்கத்தான் போனேன் சார். ஒரு மட்டை கேட்டுப் பார்ப்போம், கொடுக்கிறாரா என்று.

அண்ணாச்சி கொடுக்கவில்லை. "சார்வாள், உங்க வீட்டம்மா நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிருக்காக. மச்சினருக்காக விட்டுருக்கியளாம்."

"அதுக்கில்ல அண்ணாச்சி, இது சோதனை."

"என்ன சோதனை?"

"அரசாங்கச் சோதனை. எடுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு மட்டையைப் பிய்த்துக் கொடுத்தார். கையில் வாங்கினேன். வாங்கிய கையோடு திரும்பினால், முப்பிடாதியும் இன்னொரு பிள்ளையும். கையில் பறக்கும் படைக்கு நான் கொடுத்த பச்சைப் பட்டை.

முப்பிடாதி ரொம்ப மரியாதையாகச் சொன்னாள், "சார், இந்தக் கடை கோட்டுக்குள்ள வருது சார்."

"எந்தக் கோடு? கோடு அந்தா அங்க புளியமரத்துகிட்ட இருக்கு."

"இல்ல சார். பள்ளிக்கூடம் நடுவுல. நூறு கஜம் ஆரம். வட்டம் போடும்போது காம்பஸ் குளத்தைச் சுத்திப் போகாது சார். நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க, ஆரம்னா நேர்கோடுன்னு."

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டார். "பிள்ள கேக்குதுல்லா, சார்வாள், பதில் சொல்லுங்க."

என்ன பதில் சொல்ல? பாடத்தை நன்றாக நடத்தியிருக்கிறேன், அதுதான் பதில். "இந்த மட்டை ஆதாரம்" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு மறுபடி அளப்போம்" என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, சார். சிரித்திருந்தால்கூட ஒரு அதட்டு போட்டிருப்பேன். "தேங்க்ஸ் சார்" என்றுவிட்டு, கூட வந்தவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "சங்கரன் மாமாவுக்கு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். பாருங்கள், என் மச்சினன் மேல் பள்ளிக்கூடத்துக்கே எவ்வளவு அக்கறை!

அன்று சாயங்காலம் ஆதாரத்தை மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் வழக்கம்போல் கையைத் தூக்கினேன். கோமதி பையில் கைவிட்டாள். மட்டை வந்தது.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அரசாங்கச் சோதனை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சங்கரன் முந்திக்கொண்டான்.

"அக்கா, அது எனக்குக்கா. பீடி இல்லாம இருக்க முடியல, பொடியாவது போட்டுப் பாக்கேன்னு நான்தான் அத்தானை வாங்கிட்டு வரச் சொன்னேன்."

அவன் என்னிடம் எதையும் வாங்கி வரச் சொல்லவில்லை சார். நான் வாங்கப் போவதை இவன் எப்படி அறிவான்? அறியமாட்டான். என்னைக் காப்பாற்றச் சொல்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். இல்லை, பயல் உண்மையிலேயே அந்த நிலைமைக்கு வந்துவிட்டான், யாரிடம் கேட்பது என்று தவித்திருக்கிறான், மட்டையைப் பார்த்ததும் வாய் தவறி வந்துவிட்டது. என்னிடம் ஒரு மட்டை இருந்தால் அவன் பொடிக்கு மாறிவிடுவான். பீடி போய்ப் பொடி வந்தால் கால் பிழைக்குமா? முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டுக்குள் பொடியின் நிழல் விழக் கூடாது.

கோமதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மட்டையை அடுப்புச் சாம்பலில் போட்டாள்.

"சரி. ஃபெயிலானா என்ன, துணைத்தேர்வு இருக்குல்லா? நாளையில இருந்து ரெண்டு பேரும் மறுபடி எழுதுங்க. வாங்க, தோசை ஆறுது."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் பிள்ளைகளோடு சேர்ந்து கயிற்றைச் சுவருக்கு மேலாகவே இழுத்து அளந்தோம். கடை கோட்டுக்குள் வந்தது. வரும்தானே? அண்ணாச்சி சண்டை போடவில்லை. "எம்பேத்தியும் இங்கதான் படிக்கா" என்று சரத்தை அவரே அவிழ்த்தார். அந்த ஆணியில் இப்போது கடலைமிட்டாய் தொங்குகிறது. ஜன்னலில் இருந்து பார்த்தால் அதுதான் ஆடுகிறது.

கார்த்திகைக்குப் பிறகு சங்கரனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க. அங்கே ஒரு வேடிக்கை. நர்ஸ் அவனைப் பார்த்ததும், "என்ன சங்கரன் அண்ணே, பீடியை விட்டு ஒரு வருஷம் தாண்டிருச்சே, இப்ப காலு எப்படி?" என்றாள். எத்தனை பேரைப் பார்க்கிறாள், ஆளை மாற்றிவிட்டாள். நான் திருத்தப் போனேன், கோமதி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைசியில் காது மூக்கு டாக்டர் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். கூட வந்தவனையும் பார்த்துவிடுவது அங்கே வழக்கம் போல. மூக்குக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள பழைய புண் ஒண்ணு இருந்திருக்கு. நல்லா ஆறிக்கிட்டு வருது. நல்ல நேரத்துல விட்டீங்க சார். இனி தொட்டுராதீங்க" என்றார்.

நான் சரி என்றேன். திரும்பிப் பார்த்தால் கோமதி சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். சங்கரன் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறான். தம்பி கால் பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் சார். கூடப்பிறந்த பாசம் என்றால் சும்மாவா?

வருகிறபோது அவளிடம் சொன்னேன், "நான் விட்டது வீண் போகலை, பாத்தியா? ஒரு காலைக் காப்பாத்திட்டேன்."

"ஆமா, நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். பிழைத்தவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

இதைத்தான் இன்று போய்ச் சொல்லப் போகிறேன். திட்டினால் யாரும் விடமாட்டார்கள். கூட நின்று, தானும் ஒன்றை விட்டால் விடுவார்கள். ஒரு தடவை தோற்றால் கதவைச் சாத்தக் கூடாது. இதெல்லாம் நான் சங்கரனுக்குச் செய்தது. சரியாக இருக்கிறதா?

என்ன சார், டப்பியைப் பைக்குள் வைத்துவிட்டீர்கள்? நான் பாட்டுக்குச் சொன்னேன், நீங்கள் போடுங்கள். இல்லையா? சரி, உங்கள் இஷ்டம். உங்கள் வீட்டில் பீடி, சிகரெட் என்று யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள். தனியாக விட முடியாது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

இதோ, பேட்டை வந்துவிட்டது, அடுத்து திருநெல்வேலிதான். இன்னும் ஒன்றே ஒன்று, இதைக் கூட்டத்தில் சொல்ல முடியாது. என் வீட்டு ரசம் சார். கல்யாணம் ஆனதில் இருந்து அவள் ரசத்தில் மணமே இருக்காது. வெந்நீரில் புளி கரைத்த மாதிரி. எத்தனையோ நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். இந்த மார்கழியில் ஒருநாள் பின்கட்டில் தாளிக்கிறாள், எனக்கு இங்கே வாசலில் வருகிறது சார், பெருங்காயமும் மிளகும் கொத்தமல்லியும்! எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன். "என்னட்டி, பெருங்காயத்தை மாத்தினியா?" என்று கேட்டேன். "எதையும் மாத்தலை, அதே கடை, அதே டப்பா" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் கையில் ஊற்றினாள். நான் நக்கி முடிக்கிறவரை அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

எவ்வளவு வருஷம் கழித்து, பாருங்கள். தம்பிக்குச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு ரசம் வைக்கவே வந்திருக்கிறது.